கழுத்து அளவு

கழுத்தென்றால் எனக்குத் தெரியும்.
வட்டக் கழுத்து, படகுக் கழுத்து,
தேர்த் திருவிழாவுக்கென்று
முதுகில் ஆழமாய் இறக்கி
நாடா கட்டுகிற கழுத்து.
சுன்னாகம் சந்தைக்குப் பின்னால்
இருபத்தியிரண்டு வருடமாய் வெட்டுகிறேன்.
கால் அங்குலம் பிசகினால்
சட்டையே வீண்.

உள்ளேயும் ஒன்று இருக்கிறதென்று
போன செவ்வாய்தான் அறிந்தேன்.
கருப்பைக் கழுத்து.
இரண்டு பிள்ளைகள் அதன் வழியால் வந்தும்
பெயர் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

படிவம் நிரப்பிய சுகந்தினி மிஸ்ஸிடம் சொன்னேன்:
"மனுசன் பிரான்சுக்குப் போய்ப் பதின்மூன்று வருசம்.
எனக்கேன் இது?"
பேனையை மூடாமலே சொன்னா:
"அந்த வைரசுக்கு அவசரம் இல்லை அக்கா.
பத்தில் ஒன்பது பேருக்கு
இரண்டு வருசத்தில் தானாய் அழிஞ்சு போகும்.
போகாமல் ஒட்டினது
பத்து வருசம், இருபது வருசம்
சத்தமில்லாமல் கிடக்கும்.
குடுத்தவருக்கும் தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது.
ஒழுக்கக் கணக்கு இதிலை இல்லை."

கடைசி வரியை ஏன் சேர்த்தாவென்று
அப்போது விளங்கவில்லை.
வெளியே வாங்கில்
தெரிந்த முகம் வந்துவிடுமோ என்று
சுவர்ப்பக்கம் திரும்பி இருந்தவர்களைப்
பார்த்தபிறகு விளங்கியது.

திரை. பச்சைத் துணி. கட்டில்.
கூரையில் ஒரு பல்லி.
நான் அதைப் பார்த்தேன்,
அது என்னைப் பார்க்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று.
குளிர்ந்த கருவி,
"மூச்சை இழுத்து விடுங்கோ",
மெல்லிய குச்சி, ஒரேயொரு சுற்று,
கண்ணாடித் துண்டில் பூசி என் பெயரை எழுதினா.
ஒரு பொத்தான்துளை தைக்கிற நேரம்.

இதற்கா
முப்பத்தைந்து வயதில் வந்த கடதாசியைப்
பத்து வருடம் ஊசிப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன்?

திரும்பும்போது பஸ்ஸில்
யோகராணி ரீச்சரை நினைத்தேன்.
இல்லை, அவவின் அளவுகளை.
என் கொப்பியில் அப்படியே இருக்கின்றன:
தையில் மார்பு முப்பத்தெட்டு.
சித்திரையில் முப்பத்தாறரை.
ஆவணியில் முப்பத்துமூன்று.
"மெலிஞ்சு வடிவாயிட்டீங்கள்" என்றேன்.
"நிண்டு ரெண்டு வருசத்துக்குப் பிறகு
திரும்பவும் படுகுது பிள்ளை,
வயசின்ரை கூத்து" என்று சிரித்தா.
நானும் சிரித்தேன்,
வாயில் குண்டூசிகளோடு.
இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

தெல்லிப்பளை ஆஸ்பத்திரியில்
அந்தச் சட்டையோடுதான் இருந்தாவாம்.
அதுவும் தொளதொளத்ததாம்.

இரவு இளையவளிடம் கேட்டேன்:
"ஆறாம் வகுப்பிலை ஒரு ஊசி போட்டவையெல்லே,
கையெழுத்துக் கேட்டு விட்டவை..."
"கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் அம்மா.
வாசிக்காமலே கையெழுத்து வைச்சனீங்களோ?"
வாய் நிறைய முறுக்கு.
"போட்டாலும், வளர்ந்தாப் பிறகு
சோதிக்கத்தான் வேணுமாம்."
சொல்லிவிட்டுக் கணக்குப் பாடத்துக்குத் திரும்பிவிட்டாள்.
வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது,
எட்டாம் வகுப்புச் சட்டையோடு.

முடிவு வர ஒரு மாதமாம்.
வராத தபாலை எண்ணி
இரண்டு கைகளை மாறித் தைத்துவிட்டேன்.
பிரித்தேன்.

அளவெடுக்க வருகிறவர்களிடம் இப்போது
"முப்பத்தைந்தோ?" என்று கேட்கிறேன்.
குனிந்து நாடாவைப் பார்க்கிறார்கள்.
"அங்குலம் இல்லை. வயது."
சிலர் சிரிப்பார்கள்.
நேற்று ஒருத்தி
"தைக்கத் தந்தால் தையுங்கோ" என்று
துணியைப் பறித்துக்கொண்டு போனாள்.

இன்று கடை திறக்கமுன்
அதே துணியோடு நிற்கிறாள்.
கழுத்தை ஓர் அங்குலம் இறக்கச் சொன்னாள்.
கை அரை அங்குலம் குறைக்கச் சொன்னாள்.
பிறகு,
தெருவைப் பார்த்தபடி,
செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு என்றாள்.